சிங்க்குக்கு அடியில் தனிநாடு

நியூ ஜெர்சியில் வீடு வாங்கும் தமிழ்க் குடும்பம் பால் காய்ச்ச நாள் பார்க்கும். ஆர்ஓ குடிநீர் வடிகட்டி மாட்ட நாள் பார்ப்பதில்லை. சாவி கைக்கு வந்த அன்றே மாட்டிவிடும். ஐயர் சனிக்கிழமைதான் வருவார். அதுவரை தண்ணீர் குடிக்காமல் இருக்க முடியுமா?

சமையலறை சிங்க்குக்கு அடியில், குப்பைக் கூடைக்கும் டிஷ்வாஷர் சோப்புக்கும் நடுவே, மூன்று நான்கு வெள்ளை உருளைகளும் ஒரு குட்டித் தொட்டியும் குடியேறும். மேலே, பெரிய குழாய்க்குப் பக்கத்தில், வளைந்த கழுத்தோடு ஒரு சின்னக் குழாய் முளைக்கும். அன்றோடு அந்த வீடு ஊர்த் தண்ணீரிலிருந்து பிரிந்துபோய்விடும். அண்ணா 1963-இல் கைவிட்ட தனிநாட்டுக் கோரிக்கையை எடிசன் ஊர்த் தமிழர் ஒரு ஸ்பேனரும் கொஞ்சம் டெஃப்லான் டேப்பும் வைத்து ஒரே மாலையில் சாதித்துவிடுகிறார்.

தனிநாட்டுக்குக் கொடி வேண்டுமே? அதற்குத்தான் டிடிஎஸ் மீட்டர். விருந்துக்குப் போனால் சாம்பார் வருவதற்கு முன் மீட்டர் வருகிறது.

"உங்க வீட்ல எவ்ளோ காட்டுது?"

"பதினெட்டு."

"அடடா, மெம்பரேன் மாத்தணும் போல. எங்களுக்குப் பதினொண்ணுதான்."

திருநெல்வேலி அல்வாவுக்குத் தாமிரபரணித் தண்ணீர்தான் ருசி என்று சத்தியம் செய்கிறவரும், சிறுவாணியைக் குடித்து வளர்ந்தேன் என்று மார்தட்டுகிறவரும் இவர்களேதான். அந்த ருசியே கரைந்திருக்கும் உப்புகளால் வருவது என்று யாராவது சொன்னால், "அது அந்தத் தண்ணி, இது இந்தத் தண்ணி" என்று பதில் வரும்.

அந்த மீட்டர் செய்வது ஒரே வேலை. தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு எளிதாக ஓடுகிறது என்று பார்த்து, உப்பு இவ்வளவு இருக்கலாம் என்று கணக்குப் போட்டுச் சொல்லும். கிருமி அதற்குத் தெரியாது. குழந்தையின் மூளையைக் கெடுக்கும் அளவுக்கு ஈயம் இருந்தாலும் அதன் முகத்தில் மாற்றம் இராது. அது காட்டக்கூடிய மிகச் சிறிய எண் 1 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் ஒரு பங்கு. பிஎஃப்ஓஏ என்னும் ரசாயனத்துக்கு நியூ ஜெர்சி அரசு 2020-இல் விதித்த வரம்பு 14 பிபிடி, லட்சம் கோடியில் 14 பங்கு. மீட்டரின் 1 அந்த வரம்பைப் போல 70,000 மடங்குக்கும் மேல். இந்தக் கருவியை வைத்துக்கொண்டுதான் நம்மவர்கள் தண்ணீருக்கு நடத்தைச் சான்றிதழ் வழங்குகிறார்கள்.

இந்த அறியாமைக்கென்றே ஒரு வணிகம் இருக்கிறது. வாசல் கைப்பிடியில் ஒரு சின்ன பாட்டில் தொங்கும். தண்ணீர் மாதிரியை நிரப்பி வெளியே வையுங்கள், இலவசமாகச் சோதிப்போம் என்று அரசாங்க நோட்டீஸின் முகச்சாயலில் ஒரு சீட்டும் கூடவே இருக்கும். இரண்டு நாளில் ஆள் வருவார். இரண்டு டம்ளர்: ஒன்றில் உங்கள் குழாய்த் தண்ணீர், ஒன்றில் அவருடைய ஆர்ஓ தண்ணீர். இரண்டிலும் கம்பிகளை இறக்கி மின்சாரம் விடுவார். குழாய்த் தண்ணீர் பழுப்பாகி, நுரைத்து, கூவமாகும். ஆர்ஓ தண்ணீர் அசையாமல் நிற்கும். "சார், இதைத்தான் உங்க பொண்ணு குடிக்கிறா." பேச்சு அவ்வளவுதான். பல ஆயிரம் டாலர் மாதத் தவணைக்குக் கையெழுத்து விழுந்துவிடும்.

டம்ளரில் தெரிந்த அழுக்கு அவருடைய கம்பியிலிருந்து வந்த இரும்பு. உப்புள்ள தண்ணீரில் மின்சாரம் பாயும். பாய்ந்தால் இரும்புக் கம்பி கரையும். கரைந்தது துருவாகத் திரளும். ஆர்ஓ தண்ணீரில் உப்பு இல்லாததால் மின்சாரம் ஓடவில்லை. அதில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டுவிட்டு மறுபடி கம்பியை இறக்கச் சொல்லுங்கள், அதுவும் கூவமாகும். இது பிளஸ் டூ வேதியியல். ஏமாந்து கையெழுத்துப் போட்டவர் அந்தப் பாடத்தில் 200-க்கு 196 வாங்கி, கிண்டியில் பொறியியல் படித்து, அமெரிக்காவில் முதுகலை முடித்தவர். பாடம் பரீட்சைக்கு, பயம் வாழ்க்கைக்கு.

பே ஏரியாவில் இந்தக் கூத்து உச்சிக்குப் போகிறது. சான் பிரான்சிஸ்கோவின் குடிநீருக்காக 1913-இல் அமெரிக்க நாடாளுமன்றமே சட்டம் போட்டது. யோசெமிட்டி தேசியப் பூங்காவுக்குள் இருந்த ஹெட்ச் ஹெட்ச்சி பள்ளத்தாக்கைத் தண்ணீரில் மூழ்கடித்து அணை கட்டினார்கள். ஜான் மியூர் என்ற இயற்கைப் பித்தர் கடைசி வரை எதிர்த்துத் தோற்று, மறு வருடம் இறந்துபோனார். மலைப் பனி உருகிய அந்த நீர் 167 மைல் கடந்து வருகிறது. வடிகட்டாமலே விநியோகிக்கலாம் என்று விலக்குப் பெறும் அளவுக்கு அது சுத்தம். கிருமிநீக்கம் மட்டும் உண்டு. பாலோ ஆல்டோ முழுவதற்கும் மவுண்டன் வியூவின் பெரும்பகுதிக்கும் அதுதான் குடிநீர். ஒரு பள்ளத்தாக்கைப் பலிகொடுத்து, ஒரு முனிவரை அழவைத்துக் கொண்டுவந்த அந்தத் தண்ணீரை நம் ஆள் சிங்க்குக்கு அடியில் நிறுத்தி, "உன்னை நம்ப மாட்டேன்" என்று ஆர்ஓவில் தள்ளுகிறார். அதிலிருந்த சொற்பக் கால்சியமும் போய்விட்டதே என்ற கவலை அடுத்த வாரம் வருகிறது. போனதைத் திரும்பப் போட மினரல் குழல் என்று ஒன்று விற்கிறது. அதையும் வாங்கி மாட்டுகிறார்.

சரி, பயமே பொய்யா? இல்லை. அதனால்தான் கோபம் வருகிறது.

உங்கள் ஆர்ஓ இணைப்பில் சுற்றிய டெஃப்லான் டேப்பின் பூர்விகம் தெரியுமா? 1938 ஏப்ரலில் டூபான்ட் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் ராய் பிளங்கெட் என்பவர் தற்செயலாகக் கண்டுபிடித்த பொருள் அது. ஆய்வுக்கூடம் இருந்தது நியூ ஜெர்சியின் டீப்வாட்டரில். தோசை ஒட்டாத தவா உலகத்துக்குக் கிடைத்தது அங்கிருந்துதான். அதைத் தயாரிக்கப் பயன்பட்ட பிஎஃப்ஓஏவும் அதன் பங்காளி ரசாயனங்களும் மண்ணில் மக்காது, உடலைவிட்டு எளிதில் போகாது. தோசை ஒட்டாது, விஷம் ஒட்டிக்கொள்ளும். பிஃபாஸ் என்ற பொதுப்பெயரில் இன்று உலகமே அஞ்சும் கூட்டம் இதுதான்.

2021 தீபாவளியை ஒட்டி எடிசன், உட்பிரிட்ஜ், மெட்டச்சன், சவுத் பிளெயின்ஃபீல்ட் வீடுகளுக்கு மிடில்செக்ஸ் வாட்டர் கம்பெனியிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. சவுத் பிளெயின்ஃபீல்டில் உள்ள பார்க் அவென்யூ கிணறுகளின் நீரில் பிஎஃப்ஓஏ வரம்பைத் தாண்டிவிட்டது; அளவு வரம்பைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். இது அவசரநிலை அல்ல. கர்ப்பிணிகளும் கைக்குழந்தை உள்ளவர்களும் மருத்துவரிடம் ஆலோசனை கேட்கவும். அவசரம் இல்லையாம், ஆனால் டாக்டரைப் பார்க்க வேண்டுமாம்! ஓக் ட்ரீ ரோட்டில் நகைக்கடைக் கூட்டமும் பட்டாசுப் பேச்சுமாக இருந்த வாரங்களில் அந்தக் கடிதம் வந்தது. நம் வாட்ஸ்அப் குழுக்களில் ஓடிய கேள்வி "யார் கலந்தது?" என்பதல்ல. "எந்த மாடல் நல்லது?" என்பது.

யார் கலந்தது என்பதற்குப் பதில் நீதிமன்ற ஆவணங்களில் இருக்கிறது. மிடில்செக்ஸ் கம்பெனி த்ரீஎம் நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டது. நாடு முழுவதும் உள்ள குடிநீர் அமைப்புகளுக்குக் குறைந்தது 1,030 கோடி டாலர் தர 2023-இல் த்ரீஎம் ஒப்புக்கொண்டது. 2025 மே மாதம் நியூ ஜெர்சி அரசுக்கு 45 கோடி டாலர் வரை தருவதாக அதுவே இன்னொரு உடன்பாடு செய்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் டூபான்ட்டும் அதிலிருந்து பிரிந்த கம்பெனிகளும் 200 கோடி டாலர் வரையிலான உடன்பாட்டுக்கு வந்தன. பணம் தருவார்கள், தவணையில் தருவார்கள். குற்றத்தை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

இதைவிட ருசியான சேதி ஒன்று உண்டு. வீட்டு ஆர்ஓக்களில் பரவலாக இருக்கும் ஃபிலிம்டெக் மெம்பரேன் இன்று யாருடைய பண்டம்? டவ் கம்பெனியிடம் இருந்தது. 2017 இணைப்புக்கும் 2019 பிரிவினைக்கும் பிறகு டூபான்ட்டிடம் வந்துவிட்டது. த்ரீஎம் மட்டும் சளைத்ததா? 2005-இல் கூனோ என்ற வடிகட்டிக் கம்பெனியை வாங்கி, தன் முத்திரையோடு வீட்டுக் குடிநீர் ஃபில்டர்களைப் பல வருடம் விற்றது. பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்று நம் பாட்டிகள் சொன்னதை இவர்கள் பங்குச் சந்தையில் பட்டியலிட்டு, காலாண்டு லாபக் கணக்கும் காட்டிவிட்டார்கள். கிள்ளியதற்கு நஷ்டஈடு, ஆட்டுவதற்குக் கட்டணம். இரண்டு கணக்கிலும் கடைசியில் குடிப்பது நீங்கள்.

காவல்காரர் எங்கே என்கிறீர்களா? அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2024 ஏப்ரலில்தான் கண் விழித்தது. பிஎஃப்ஓஏவுக்கும் அதன் பங்காளியான பிஎஃப்ஓஎஸ்ஸுக்கும் நாடு முழுவதற்கும் தலா 4 பிபிடி வரம்பு, 2029-க்குள் சரிசெய்ய வேண்டும் என்றது. ஆட்சி மாறியது. 2025 மே மாதம் அதே முகமை, 2031 வரை அவகாசம் தரப்போகிறோம், இன்னும் சில பிஃபாஸ் ரசாயனங்களின் வரம்பைத் திரும்பப் பெறப்போகிறோம் என்று அறிவித்தது. விஷத்துக்கு வாய்தா. இன்று பிறக்கும் குழந்தை ஒன்றாம் வகுப்புக்குப் போகும் நேரத்துக்குள் ஏதாவது செய்து முடிப்பார்களாம். கொதித்தெழ வேண்டிய இடம் இது. நம்மவர் கொதிக்கவில்லை. ஏன் கொதிக்க வேண்டும்? அவர் வீட்டில் மீட்டர் 11 காட்டுகிறதே!

ஆர்ஓ வேலை செய்யாது என்று நான் சொல்லவில்லை. பிஃபாஸை, ஈயத்தை, நைட்ரேட்டை அது நன்றாகவே பிடிக்கும். பிடித்ததை எங்கே அனுப்புகிறது என்பதுதான் கேள்வி. சாதாரண ஆர்ஓ ஒரு கேலன் நல்ல தண்ணீர் தர ஐந்து கேலனோ அதற்கு மேலோ சாக்கடையில் விடுகிறது என்பது அந்த முகமையே தரும் கணக்கு. மோசமான கருவிகள் பத்து வரை விடும். இந்தியாவில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019-லேயே, டிடிஎஸ் 500-க்குக் கீழே உள்ள ஊர்களில் ஆர்ஓ எதற்கு என்று கேட்டுத் தடைவிதிக்கச் சொன்னது. கலிஃபோர்னிய வறட்சியில் பல் தேய்க்கும் பிள்ளையிடம் "குழாயை மூடு" என்று அதட்டும் தகப்பனின் காலடியில், சிங்க்குக்கு அடியில், தொட்டி நிரம்பும்போதெல்லாம் நல்ல தண்ணீர் சாக்கடைக்குப் போகிறது.

அதோடு போவது விஷமும்தான். நீங்கள் குடிக்காமல் தப்பித்த பிஃபாஸ் அழிந்துவிடவில்லை. கழிவுக் குழாயில் இறங்கி, அதை நீக்க வசதியில்லாத சுத்திகரிப்பு நிலையத்தைக் கடந்து, ஆற்றில் கலந்து, கீழே உள்ள ஊரின் குழாய்க்குப் போய்ச் சேரலாம். அங்கே யார் இருக்கிறார்கள்? உங்களுக்கு முருங்கைக்காய் நிறுத்துக் கொடுக்கும் கடைப் பையன், நான்கு பேரோடு ஒரு பேஸ்மென்ட்டில். விடுதியில் படுக்கை விரிக்கும் அம்மாள், சுவரில் ஆணி அடிக்கவே வீட்டுக்காரரிடம் அனுமதி கேட்க வேண்டிய வாடகை அறையில். அவர்கள் வாட்ஸ்அப் குழுவில் மாடல் விசாரிப்பதில்லை. குழாயைத் திறக்கிறார்கள், குடிக்கிறார்கள்.

இத்தனைக்கும் ஆர்ஓ பிறந்தது ஊருக்காக. கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் 1959-60 வாக்கில் சிட்னி லோபும் ஸ்ரீனிவாச சௌரிராஜனும் சேர்ந்து உருவாக்கிய படலம்தான் இந்தத் தொழில்நுட்பத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. நம் பக்கத்துப் பெயர். திருக்கண்ணபுரத்துப் பெருமாளின் பெயர். 1965-இல் அதை முதலில் மாட்டியது கோலிங்கா என்ற சிற்றூர். அங்கே நிலத்தடி நீர் உப்பு. ஒரு காலத்தில் குடிநீர் ரயிலில் வந்த ஊர் அது. ஒரு பொது நிலையம், ஊருக்கென்று. அரசுப் பல்கலைக்கழகத்தில் பிறந்து பொதுக்குழாய்க்குப் போன அறிவு இது. அதைத் துண்டு துண்டாக்கி, சிங்க் சிங்க்காகப் பிரித்து, தவணையில் விற்றது பின்னால் வந்த வணிகம்.

வாங்குவதற்கு நம்மைப் பழக்கியது நம் ஊர். ஊருக்கே தண்ணீர் ரயிலில் வந்த கதையும் நமக்குத் தெரிந்ததுதான்: 2019 ஜூனில் சென்னையின் ஏரிகள் வறண்டபோது ஐடி கம்பெனிகள் சில ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலைபார்க்கச் சொல்லின, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து தண்ணீர் ரயில் ஓடியது. அதற்குப் பல வருடம் முன்பே சென்னை நடுத்தர வர்க்கம் அரசை மறந்து, கேன் போடும் தம்பியிடம் சரணடைந்துவிட்டது. அரசும் வெட்கப்படவில்லை. 2013 செப்டம்பரில் அம்மா குடிநீர் என்று பாட்டிலில் அடைத்து, லிட்டர் 10 ரூபாய்க்குப் பேருந்து நிலையங்களில் அதுவே விற்றது. குழாயில் தர வேண்டிய அரசு கல்லாவில் உட்கார்ந்தால் குடிமக்கள் வாடிக்கையாளர்கள் ஆகிவிடுவார்கள். அந்த வாடிக்கையாளர்தான் விமானம் ஏறி வந்திருக்கிறார். தண்ணீர் மோசமா? காசைக் கொடு, கருவி வாங்கு, கதவைச் சாத்து.

டெக்சாஸ் அந்தக் கதவைத் திறந்து காட்டியது. 2021 பிப்ரவரிப் பனிப்புயலில் மின்சாரம் போனது, குடிநீர் நிலையங்கள் நின்றன, குழாய்கள் உறைந்து வெடித்தன. தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடியுங்கள் என்ற எச்சரிக்கைக்குக் கீழே ஒரு கோடிக்கும் மேற்பட்ட டெக்சாஸ்காரர்கள் வந்தார்கள். பல வீடுகளில் கொதிக்கவைக்கவும் தண்ணீர் இல்லை. பனியை அள்ளி உருக்கிக் கழிவறைக்கு ஊற்றினார்கள். கேட்டியிலும் ரவுண்ட் ராக்கிலும் இருந்த தனிநாடுகள் அன்று என்ன ஆயின? ஆர்ஓ படலத்தின் வழியே தண்ணீர் தானாகப் போகாது. அழுத்தித் தள்ள வேண்டும். அந்த அழுத்தம் ஊர்க்குழாயிலிருந்து வருவது. ஊர்க்குழாய் செத்த அன்று, மின்னும் அந்தச் சின்னக் குழாயும் செத்தது. பொதுவை உதறிவிட்டு வந்ததாக நினைத்த கருவி, பொதுவின் தோளில்தான் உட்கார்ந்திருந்தது.

அழுத்தினால்தான் வேலை நடக்கும் என்று தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். 1982-இல் தெற்கு சான் ஹோசேயில், ஃபேர்சைல்ட் என்னும் சிப் கம்பெனியின் நிலத்தடித் தொட்டி கசிந்து ரசாயனம் குடிநீர்க் கிணற்றில் கலந்தது வெளியே வந்தது. நம்மவர் சம்பளம் வாங்கும் தொழிலின் மூதாதை அந்தக் கம்பெனி. லொரெய்ன் ராஸ் என்ற இல்லத்தரசி அண்டை வீட்டுத் தாய்மார்களைத் திரட்டி வீதிக்கு வந்தார். நிலத்தடித் தொட்டிகளுக்குக் கட்டுப்பாடு வந்தது அதற்குப் பிறகுதான்.

எடிசனிலிருந்து காரில் அரை மணி நேரத் தொலைவில் நுவார்க். கறுப்பினத்தவரும் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரும் பெரும்பான்மையாக வாழும், நம்மவர்கள் கார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கடக்கும் ஊர். அங்கே பழைய ஈயக் குழாய்களால் தண்ணீரில் ஈயம் ஏறியது. 2018-இல் ஆசிரியர்கள் ஒரு சுற்றுச்சூழல் அமைப்போடு சேர்ந்து வழக்குப் போட்டார்கள். நகராட்சி முதலில் வீட்டுக்கு வீடு ஃபில்டர் கொடுத்துச் சமாளிக்கப் பார்த்தது. 2019 ஆகஸ்டில் அந்த ஃபில்டர்களிலும் சில சரியாக வேலை செய்யவில்லை என்று தெரிந்தது. பாட்டில் தண்ணீர் கொடுத்தார்கள். அதிலும் ஒரு பகுதி தேதி முடிந்தது. மக்கள் விடவில்லை. கடைசியில் கவுன்ட்டி 12 கோடி டாலர் கடன் பத்திரம் வெளியிட்டது. சுமார் 23,000 ஈயக் குழாய்களை மூன்றே வருடத்துக்குள், வீட்டுக்காரரிடம் ஒரு காசு வாங்காமல் மாற்றினார்கள். ஈயக் குழாய் எங்கிருந்தாலும் பத்து ஆண்டுக்குள் மாற்ற வேண்டும் என்று 2021 ஜூலையில் மாநிலமே சட்டம் போட்டது. அந்தச் சட்டத்தின் பலன் எடிசனுக்கும் உண்டு. போராடியது நாம் கண்ணாடி ஏற்றிக் கடந்த ஊர்.

பார்க் அவென்யூ கிணறுகளும் அப்படியே. நீங்கள் ஆயிரம் சிங்க்குகளில் செய்ததை அங்கே பெரிய கரித் தொட்டிகள் கட்டி ஒரே இடத்தில் செய்தார்கள். 2022-லிருந்து நீர் பிஃபாஸ் நீக்கப்பட்டு வரத் தொடங்கியது. கடைப் பையனுக்கும் சேர்த்து. அதற்குக் காரணம் நியூ ஜெர்சி 2020-இல் போட்ட வரம்பு. அந்த வரம்புக்குக் காரணம் கூட்டங்களில் கத்திய ஆட்கள். மெம்பரேன் மாடல் விசாரித்தவர்கள் அல்ல.

"எங்களுக்கு ஓட்டு இல்லையே சார், ஹெச்ஒன்பி" என்பார்கள். தண்ணீர் பில் கட்டும்போது யாரும் விசா வகை கேட்பதில்லை. பொதுக் கூட்டத்தில் மைக்கைப் பிடிக்கும்போதும் கேட்பதில்லை. தமிழ்ச் சங்கத்தில் பொங்கல் விழா பார்க்கிங் பற்றி மூன்று மணி நேரம் சண்டை போடத் தெரிந்தவருக்குத் தண்ணீர் வாரியத்திடம் மூன்று நிமிடம் பேச வராதா?

ஆர்ஓவைக் கழற்றச் சொல்லவில்லை. உங்கள் ஊர்த் தண்ணீரில் பிஃபாஸோ ஈயமோ இருந்தால் தாராளமாக மாட்டுங்கள். சான்றிதழ் பார்த்து வாங்குங்கள், ஃபில்டரை நேரத்துக்கு மாற்றுங்கள். மீட்டரைத் தூக்கிப் போடுங்கள். அதற்குப் பதிலாக, ஒவ்வொரு வருடமும் ஜூலை 1-க்குள் உங்கள் குடிநீர் நிறுவனம் சட்டப்படி தர வேண்டிய ஆண்டுத் தர அறிக்கையைப் படியுங்கள். பில்லின் மூலையில் ஒரு இணைப்பாக ஒளிந்திருக்கும், தேடுங்கள். எந்த ரசாயனம், எவ்வளவு, வரம்பு எவ்வளவு என்று அதில் இருக்கும். எந்தக் கூட்டத்துக்கு, எங்கே, எப்போது வந்து கேட்கலாம் என்பதும் இருக்க வேண்டும். போய்க் கேளுங்கள். விஷத்தைக் கலந்தவன் தவணை வாங்கிக்கொண்டான். காவல்காரன் 2031 வரை வாய்தா வாங்கப் பார்க்கிறான். இவர்கள் இருவருக்கும் வேண்டியதெல்லாம் சிங்க்குக்கு அடியில் திருப்தியாக ஒதுங்கிக்கொள்ளும் வாடிக்கையாளர்கள்தான். அந்தத் திருப்தியை அவர்களுக்குக் கொடுக்காதீர்கள்.